ஞானபாயின் சிவப்புப் பொத்தான்

மூடியைத் திறந்ததும் ஞானபாய் முதலில் எண்ணெயை முகர்ந்து பார்க்கிறார். பிறகு ஒரு சொட்டை விரலில் தொட்டு, பெருவிரலோடு சேர்த்துத் தேய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். பக்கத்துத் திரையில் எண்ணெயின் சூடு, தூசி, அடர்த்தி எல்லாம் எண்களாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கடைசியில்தான் கவனிப்பார். அதுவும் தன் விரல் சொன்னதைத்தான் திரையும் சொல்கிறதா என்று பார்க்க.

"எண்ணு எதவேணும்னாலும் காட்டும். விரலுக்குக் கள்ளம் பறையத் தெரியாது" என்கிறார்.

அருமனையைத் தாண்டி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் முந்திரி ஆலை அது. ஊர்க்காரர்களுக்கு அண்டி ஆபீஸ். நூற்றுப்பத்துப் பெண்கள் மேசைகளில் உட்கார்ந்து சின்னக் கத்தியால் பருப்பின் தோலை உரிக்கிறார்கள். மேசைகளுக்கு இடையே தண்டவாளத்தில் ஊர்ந்து வரும் ஆறு ரோபோக்கள் உரித்த பருப்பை அள்ளி, முழுசு, பாதி, நொறுங்கல் என்று பிரிக்கின்றன. ஆறுக்கும் சேர்த்து ஒரே மூளை. அந்த மூளை இருக்கும் கண்ணாடி அறையின் சாவி ஞானபாயின் இடுப்பில் இருக்கிறது. ஐம்பத்து நான்கு வயது. இந்தச் சாவி கைக்கு வருமுன் இருபத்தாறு வருடம் அதே ஆலையில் தோல் உரித்தவர்.

பத்திரிகைக்கு எழுதுவதற்காக முதல் நாள் நான் போனபோது என் அடையாள அட்டையை வாங்கி, படத்தில் இருந்த தாடி முகத்தில் ஏன் இல்லை என்று கேட்டார். நான் கொடுத்த அலுவலக எண்ணை ஒதுக்கிவிட்டு, எங்கள் பத்திரிகையின் பழைய இதழ் ஒன்றை எங்கிருந்தோ வரவழைத்து, அதில் அச்சாகியிருந்த எண்ணைக் கூப்பிட்டு என்னைப் பற்றி விசாரித்தார். அதற்குப் பிறகும் என் செல்போனை மேசைமேல் கவிழ்த்து வைக்கச் சொன்னார். மீன் வாங்கும்போது மேலே இருக்கும் மீனைத் தொடமாட்டார். அடியில் கிடப்பதைத்தான் எடுக்கச் சொல்வார். வேறு யாராவது தேநீர் கொண்டுவந்தால், கொண்டுவந்தவர் ஒரு வாய் குடிக்கும்வரை காத்திருப்பார். பேருந்துச் சீட்டை வீட்டு வாசலில் கால் வைத்த பிறகுதான் கிழித்துப் போடுவார். கோயிலில் ஜெபத்துக்குக் கண்ணை மூடும்போதும் ஒரு கண் செருப்பு கிடக்கும் வாசலில்தான் இருக்கும் என்று ஆலைப் பெண்கள் சொல்கிறார்கள். இதை அவரிடம் கேட்டேன். மறுக்கவில்லை. "புதுச் செருப்பாக்கும்" என்றார்.

மூளை பார்க்க ஏமாற்றமாக இருக்கும். பால் கேன் அளவுக்கு ஓர் எஃகுப் பெட்டி. உள்ளே தெளிந்த எண்ணெயில் நூற்றிருபது மெல்லிய தகடுகள், வெற்றிலைக் கட்டு மாதிரி நெருக்கமாக நிற்கின்றன. ஒவ்வொரு தகட்டிலும் கண்ணுக்குத் தெரியாத இழைகள், கோடிக்கணக்கில். ரோபோவின் லென்ஸ் பார்ப்பதெல்லாம் மின்துடிப்பாகி இந்த இழைகளில் ஓடும். ஒரே வழியில் திரும்பத் திரும்ப ஓடினால் அந்த இழை தடிக்கும். ஓட்டமில்லாத இழை மெலியும். முழுப்பருப்பு எது, புழு அரித்தது எது என்று அதற்குள் எங்கும் எழுதி வைக்கவில்லை. யாராவது எதிரே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் காட்டி, சரியென்றால் பச்சைப் பொத்தானையும் தவறென்றால் சிவப்புப் பொத்தானையும் அழுத்திப் பழக்க வேண்டும்.

"தோட்டத்துல ஆளு நடந்து நடந்து பாத விழும்லா, அதே சங்கதிதான்" என்கிறார் ஞானபாய். "நடக்காத எடத்துல புல்லு மொளச்சிரும். இதுக்கு மூளைன்னு ஒரு பேரு."

அந்தப் பாதைகளைக் காப்பதுதான் அவர் வேலை. முந்திரித் தோலின் சிவப்புத் தூசி எண்ணெய்ப் பசையுள்ளது. தகடுகளுக்கிடையே போய் ஒட்டினால் துடிப்பு வழிமாறிவிடும். அதனால் வடிகட்டியைத் தினமும் கழுவ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு விடுமுறை. அன்று காலையில் ரோபோக்களைத் துண்டித்துவிட்டு மூளையை மட்டும் நாலு மணி நேரம் மெல்லிய மின்சாரத்தில் கிடத்துவார்கள். அளவுக்கு மீறித் தடித்த இழைகள் அதில் கொஞ்சம் இளைக்கும். இந்தக் கிடப்பு இரண்டு வாரம் தவறினால் மூளைக்குப் பிடிவாதம் வந்துவிடும். போன வாரம் கண்டதையே இந்த வாரமும் காணும். திங்கட்கிழமை காலை விசாரணை. ஞானபாய் தானே பிரித்துப் பூட்டி வைத்திருக்கும் நூறு பருப்புகளை ஒரு தட்டில் பரப்பி ரோபோவுக்குக் கொடுப்பார். அதில் புழு அரித்த இரண்டை நல்ல பக்கம் மேலே தெரியும்படி வைத்திருப்பார். புரட்டிப் பார்க்காமல் ரோபோ அவற்றை நம்பிவிட்டால் அன்று வேலை தொடங்காது.

மூன்று வருடத்துக்கு முன் இந்த மூளை வந்தபோது அதற்கு இன்னொரு வேலையும் கொடுத்தார்கள். அதுவரை சாயங்காலம் வாசலில் எல்லாப் பெண்களையும் நிறுத்திச் சோதனை போடுவது வழக்கம். பருப்பை யாராவது மறைத்துக் கொண்டுபோகிறார்களா என்று உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள். பெண்களுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. இனி மேசையில் ஆள் வேலை செய்யும்போதே ரோபோவின் லென்ஸ் கவனித்துக்கொள்ளும், மூளை சந்தேகப்படுகிற ஆளுக்கு மட்டும் வாசலில் மஞ்சள் விளக்கு எரியும், அவரை மட்டும் சோதித்தால் போதும் என்றார்கள். பெண்கள் சம்மதித்தார்கள். திருட்டு எப்படியிருக்கும் என்று மூளைக்குப் பழக்க ஓர் ஆள் தேவைப்பட்டபோது, ஞானபாயைவிடப் பொருத்தமானவர் கிடைக்கவில்லை. மூன்று வாரம் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, மேசைகளில் வேலை செய்யும் பெண்களைப் பார்த்துப் பார்த்து அவர் பொத்தான்களை அழுத்தினார்.

நான் அங்கே போய்வந்துகொண்டிருந்த மாதத்தில் சபிதாவுக்கு மஞ்சள் விளக்கு பதினொரு முறை எரிந்தது.

சபிதாவுக்கு முப்பத்தொரு வயது. அதிகம் பேசாதவர். மூளை வந்த அதே மாதம் வேலைக்குச் சேர்ந்தவர். முன்பெல்லாம் மாதத்தில் ஒன்றிரண்டு முறை எரியும். கோடையில் அவரை விசிறி ஓரத்திலிருந்து நடு மேசைக்கு மாற்றியதிலிருந்து எண்ணிக்கை ஏறிவிட்டது. பதினொரு முறையும் காவல்காரப் பெண் சோதித்தார். பதினொரு முறையும் ஒன்றும் அகப்படவில்லை.

மேலாளர் ஸ்ரீஜித் அதை வேறு மாதிரிப் பார்த்தார். "பதினோரு தடவையும் ஒண்ணும் கிட்டலேன்னா, அவ எவ்வளவு சாமர்த்தியக்காரின்னு யோசிச்சுப் பாருங்க" என்று என்னிடம் சொன்னார். சனிக்கிழமையோடு சபிதாவை நிறுத்திவிடுவது என்று முடிவாகிவிட்டது. ஒரே ஒரு தாள்தான் பாக்கி. மூளை நல்ல நிலையில் இருக்கிறது என்று ஞானபாய் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

தாளை வாங்கி வைத்துக்கொண்டு ஞானபாய் என்னிடம் சொன்னார்: "அவ கள்ளிதான். எனக்கு அதுல சம்சயம் இல்ல. இருந்தாலும் கையெழுத்துன்னா ரெண்டு நாளு வேணும்."

சபிதாவுக்காக அவர் அந்த இரண்டு நாளைக் கேட்கவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஒரு தாளைக் கொடுத்து உடனே கையெழுத்துக் கேட்டால் அந்தத் தாளில் ஏதோ இருக்கிறது என்பது அவர் எண்ணம்.

புதன்கிழமை எண்ணெயை மாற்றினார். வடிகட்டியைக் கழற்றிப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்தார். நூறு பருப்புத் தட்டை மூன்று முறை வைத்துப் பார்த்தார். மூளை மூன்று முறையும் தவறவில்லை. எனக்கு அதோடு முடிந்தது என்று தோன்றியது. அவர் பெட்டியின் மேல் கை வைத்தார். "பருப்புல கரெக்டாத்தான் இருக்கு. ஆளுல எப்பிடி இருக்குன்னு நோக்கல்லியே" என்றார்.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் வெளியே போன பிறகு, ஞானபாய் சபிதாவை மட்டும் நடு மேசைக்குக் கூப்பிட்டார். ஒரு ரோபோ மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் விளக்கின் இணைப்பைக் கண்ணாடி அறைக்குள் கொண்டுவந்து வைத்திருந்தார்.

"என்னயப் பிடிக்கதுக்கா விளிச்சிய?" என்று சபிதா கேட்டார்.

"நீ ஒண்ணும் எடுக்கல்லேன்னா என்னத்துக்குப் பயம்? இருந்து உரி."

சபிதா உரித்தார். பருப்பை எடுப்பார், கத்தியால் தோலைச் சுரண்டுவார், மேசைக்குக் கீழே மடியிலிருக்கும் துணியில் கையைத் துடைப்பார். மறுபடி பருப்பு. அரை மணி நேரமாக விளக்கு எரியவே இல்லை. ஞானபாய் கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் நின்றார். எனக்குச் சலித்துவிட்டது. நான் போய் சபிதாவின் இடது பக்கம் நின்று, எந்த ஊர் என்று கேட்டேன். பதில் இல்லை. கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கக் கேட்டேன். அவர் சட்டென்று முகத்தை முழுதாகத் திருப்பி என்னைப் பார்த்தார். கை அப்போது மேசைக்குக் கீழே துணியில் துடைத்துக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்குள் மஞ்சள் விளக்கு எரிந்தது.

ஞானபாய் வெளியே வந்தார். "இன்னொருக்கா கேளுங்க" என்றார் என்னிடம். கேட்டேன். முகம் திரும்பியது, கை கீழே போனது, விளக்கு எரிந்தது. "இனி இந்தப் பக்கமா வந்து கேளுங்க." வலது பக்கம் போய்க் கேட்டேன். சபிதா தலையைத் திருப்பாமலே, பருப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார். விளக்கு எரியவில்லை.

ஞானபாய் சபிதாவின் இடது தோளருகே குனிந்து, மெல்லிய குரலில், "ஏட்டி, உனக்க பையில என்ன ஒளிச்சு வச்சிருக்க?" என்றார். சபிதா உரித்துக்கொண்டே இருந்தார்.

அவர் முன்பக்கம் வந்து நின்று கேட்டார். "எடது காதா?"

சபிதா கத்தியைக் கீழே வைத்தார். பிறகு, "சின்னதுலயே போச்சு. சொன்னா வேலைக்கு எடுத்திருப்பாவளா? இருந்தாலும் நான் ஒரு பருப்புகூட எடுத்ததில்ல" என்றார்.

விசிறி ஓரத்து மேசையில் அவருக்கு இடது பக்கம் சுவர்தான் இருந்தது. நடு மேசைக்கு வந்தபிறகு இரண்டு பக்கமும் பேச்சு. இடது பக்கம் யார் எது சொன்னாலும் முகத்தைத் திருப்பித்தான் கேட்க வேண்டும். கை துடைப்பது எல்லாப் பெண்களும் செய்வது. இரண்டும் ஒரே நேரத்தில் வருவது இவருக்குத்தான்.

ஆனால் தலை திரும்பி, கை கீழே போனால் அது களவு என்று மூளைக்கு எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்வியை நான் கேட்பதற்கு முன்பே ஞானபாய் மூளையைச் செய்த நிறுவனத்தின் பொறியாளரைக் கூப்பிட்டுவிட்டார். ஜெபிஷ் என்று பெயர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து போகிறவர். மூன்று வருடத்துக்கு முந்தைய பழக்கப் பதிவு எதற்கு இப்போது என்று அவரும் சந்தேகமாகக் கேட்டார். "நீ அனுப்பு மக்கா. நான் ஒண்ணும் வித்திர மாட்டேன்" என்றார் ஞானபாய்.

வெள்ளிக்கிழமை காலை பதிவு வந்தது. எந்தக் காட்சிக்கு எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்று வரிசையாக இருந்தது. ஞானபாய் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு பார்த்தார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அவர் முகம் எனக்கு எதுவும் சொல்லவில்லை. பதினொரு மணிக்குக் கதவைத் திறந்தபோது கையில் ஒரு தாளில் ஒரே ஓர் எண் எழுதியிருந்தது. நாற்பத்து மூன்று.

சபிதா வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று வாரத்தில் அவர் வந்த காட்சிகளில் மட்டும் சிவப்புப் பொத்தான் நாற்பத்து மூன்று முறை அழுத்தப்பட்டிருந்தது. வேறு எந்தப் பெண்ணுக்கும் பத்தைத் தாண்டவில்லை.

"சேந்த அன்னைக்கு நான் பொறத்தால நின்னு விளிச்சேன். திரும்பிப் பாக்கல்ல" என்றார் ஞானபாய். "திமிருன்னு நெனச்சேன். திமிருள்ளவ எடுப்பான்னு நெனச்சேன். அதுக்குப் பொறவு அவ தலைய அசைச்சா போதும், எனக்க விரலு சிவப்புலதான் போயிருக்கு." தாளை மடித்துக்கொண்டே, "எனக்கு இப்ப ஓர்மகூட இல்ல. அது ஓர்ம வச்சிருக்கு" என்றார்.

ஸ்ரீஜித் கேட்ட சான்றிதழில் சபிதாவின் காதைப் பற்றி எழுதாமல் விஷயத்தைச் சொல்ல முடியாது. எழுதலாமா என்று சபிதாவிடமே கேட்டார். சபிதா யோசிக்கவில்லை. "கள்ளிங்கிற பேருக்குச் செவிடிங்கிற பேரு தேவல" என்றார்.

சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு மேலே ஞானபாய் நாலு வரி எழுதினார். எண்ணெயும் தகடுகளும் நன்றாக இருக்கின்றன. பருப்பைப் பிரிப்பதில் மூளைக்குக் குறையில்லை. ஆளைச் சந்தேகிப்பதில் குறை இருக்கிறது: இடது காது கேளாத சபிதா தலை திருப்புவதைக் களவென்று காண்கிறது. அதைப் பழக்கியது நான்.

ஸ்ரீஜித் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ஞானக்கா, மூணு வருஷமா இல்லாத பாசம் இப்ப என்னத்துக்கு? அவ உங்களுக்குச் சொந்தமா? ஒரே சபையா?"

"சொந்தமும் இல்ல, சபையும் இல்ல சாரே. எனக்கு அவள இப்பவும் பிடிக்காது."

"பின்ன?"

"இது மெஷினுக்க சந்தேகம் இல்ல. எனக்கது. எனக்க சந்தேகத்த வச்சு நான் கையெழுத்துப் போட்டா, நானே எனக்குச் சாச்சி சொன்ன மாதிரி ஆவும்."

ஸ்ரீஜித் நம்பவில்லை. அன்று சாயங்காலம் வாசலில் ஞானபாய்க்குப் பச்சை விளக்குதான் எரிந்தது. இருந்தும் அவர் பையையும் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் திறந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள். காவல்காரப் பெண் கூச்சத்தோடு கை வைத்தார். "நல்லா நோக்கு. அடியிலயும் நோக்கு" என்றார் ஞானபாய். அவர் குரலில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. தன் இடத்தில் யார் இருந்தாலும் தானும் அப்படித்தான் சோதித்திருப்பேன் என்ற ஒப்புதல் மாதிரிதான் கேட்டது.

சபிதாவை நிறுத்துவது தள்ளிப்போனது. செவ்வாய்க்கிழமை ஜெபிஷ் வந்து, ஊசி முனை போன்ற ஒரு கருவியால் தகடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு அளந்தார். ஞானபாய் சொன்னது சரி என்று எழுதிக் கொடுத்தார். தலை திரும்புவதையும் கை கீழே போவதையும் சேர்க்கும் இழைகள் மற்றவற்றைப் போல ஐந்து மடங்கு தடித்திருந்தன. ஞாயிற்றுக்கிழமைக் கிடப்பில் இளைக்கும் அளவை எப்போதோ தாண்டிவிட்டன. தகட்டைச் சூடாக்கி அவற்றை அழிக்கலாம். அழித்தால் பருப்பைப் பிரிக்கும் பழக்கமும் சேர்ந்து போகும். புதிதாகப் பழக்கி, அந்தப் பாதையில் புல் முளைக்கவிடுவது ஒன்றுதான் வழி.

அடுத்த ஐந்து வாரம் வாசல் விளக்குகள்மேல் துணி போட்டு மூடியிருந்தது. பழையபடி எல்லாப் பெண்களுக்கும் சோதனை. வீட்டுக்குப் போகும் நேரம் தள்ளிக்கொண்டே போனது, பேருந்து தவறியது. "ஒருத்திக்க காதுக்கு நாங்க நூறு பேரு நிக்கணுமா?" என்று வரிசையில் பேச்சு எழுந்தது. அறைச் சாவியை ஸ்ரீஜித் வாங்கிக்கொண்டார். ஞானபாய் மறுபடி கத்தியை எடுத்துத் தோல் உரித்தார். சபிதாவுக்கு இரண்டு மேசை தள்ளி இடம். இருவரும் பேசிக்கொண்டதாக நான் காணவில்லை. ஒருநாள் ஞானபாயிடம், இப்போதாவது அந்தப் பெண்மேல் நம்பிக்கை வந்ததா என்று கேட்டேன்.

"அவ எடுக்கல்லேன்னு தெரியும். நம்பிக்கைங்கது வேற" என்றார். "இப்ப எனக்கு என்னயே சம்சயமா இருக்கு. ஒருத்திக்க முகத்த நோக்கி ஒண்ணு தோணிச்சுன்னா, அது எங்கேருந்து வருதுன்னு திரும்பி நோக்க வேண்டியிருக்கு. வயசான காலத்துல நல்ல வேல."

எண்ணெய்க்கு வேறு ஆள் சரிப்படவில்லை. ஆறாவது வாரம் சாவி திரும்பி வந்தது. மறுபழக்கம் தொடங்கும் முன் ஞானபாய் ஒரு நிபந்தனை போட்டார். தான் பொத்தானைத் தொடமாட்டேன். மேசையில் உட்காரும் பெண்களில் பத்துப் பேர் முறைவைத்து, ஆளுக்கு இரண்டு மணி நேரமாக அழுத்தட்டும். முதலில் சபிதா. ஸ்ரீஜித்துக்கு அது பிடிக்கவில்லை. திருடத் தெரிந்தவர்களே திருட்டைச் சொல்லிக்கொடுப்பதா என்று கேட்டார். ஜெபிஷ் எழுதிக் கொடுத்திருந்த தாள் அவரைச் சம்மதிக்க வைத்தது.

முதல் நாள் நான் போயிருந்தேன். கண்ணாடி அறையில் குளிர் அதிகமாக இருந்தது. சபிதா சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். திரைக்குப் பக்கத்தில், பெட்டியின் மூடியருகே, முக்காலியில் ஞானபாய். காட்சிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு பெண் இருமுகிறார், பச்சை. ஒரு பெண் ரவிக்கைக்குள் எதையோ செருகுகிறார், சிவப்பு. ஒரு பெண் பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார், பச்சை.

பிறகு ஒரு காட்சியில் ஒரு பெண், மேற்பார்வையாளர் நிற்கும் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கை மேசைக்குக் கீழே போனது. திரும்பி வர நேரமாயிற்று. அவ்வளவுதான். எனக்கும் எதுவும் சொல்லத் தெரியவில்லை. சபிதாவின் விரல் இரண்டு பொத்தானுக்கும் நடுவே நின்றது. அவர் நிமிர்ந்து ஞானபாயின் முகத்தைப் பார்த்தார்.

ஞானபாய் எழுந்து, முக்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.